எதிரொலி வராத அழைப்பு

எங்கள் வீட்டில் டெலிபோன் மணி அடித்தால் நான்தான் முதலில் எடுக்க வேண்டும். எடுத்ததும் ஹலோ சொல்லிவிடக் கூடாது. மனதுக்குள் மூன்று எண்ணி, அதுவரை சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, பிறகுதான் பேச வேண்டும். இது அப்பாவின் உத்தரவு. அப்பா ஃபிஜியின் லம்பாசா நகரத்தில் டெலிபோன் லைன்மேன். புலிலேகா பக்கத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் கம்பிகள் அவர் பொறுப்பில் இருந்தன. அந்த வேலையின் பொருட்டுத்தான் எங்கள் தகரக் கூரை வீட்டுக்கு டெலிபோன் வந்தது. ஆகவே வீட்டுக்கு வரும் ஒவ்வொரு அழைப்பும் அவருக்கு ஒரு சோதனைதான். பகலில் அவர் ஏதாவது ஒரு கம்பத்தின் மேல் இருப்பார். அம்மாவுக்குச் சத்தங்களில் அக்கறை கிடையாது. எனக்கு வயது பத்து, காது கூர்மை.

கேட்டதைப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன். சத்தங்களுக்கு அப்பா சொன்ன பெயர்களெல்லாம் ஆங்கிலம். எப்போதும் இருக்கும் மெல்லிய இரைச்சல் ஹிஸ். கம்பிக்குள்ளே சூடு இருக்கும்வரை அது முணுமுணுத்துக்கொண்டே இருக்கும், அதை யாராலும் நிறுத்த முடியாது என்பார். மின்சாரக் கம்பி பக்கத்திலேயே ஓடினால் வருகிற உறுமல் ஹம். மழைக்குப் பிறகு இணைப்புப் பெட்டியில் ஈரம் இறங்கினால் அப்பளம் நொறுங்குவதுபோல ஒன்று கேட்கும், அது கிராக்கிள். இன்னொருவர் பேச்சு நம் கம்பிக்குள் கசிந்து வந்தால் கிராஸ்டாக். அதைக் கேட்ட உடனே போனை வைத்துவிட வேண்டும், அடுத்த வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்க்கிற மாதிரிதான் அதுவும் என்று சொல்லியிருந்தார். நான் ஒருமுறைகூட உடனே வைத்ததில்லை.

எக்கோ மட்டும் எங்களுக்கு அபூர்வம். வான்கூவரில் இருந்த சித்தப்பா வருடத்துக்கு இரண்டு முறை பேசுவார். அப்போது மட்டும் கேட்கும். நான் "ஹலோ சித்தப்பா" என்பேன். ஒன்று என்று எண்ணும் நேரம் கழித்து, எங்கிருந்தோ ஒரு சிறுமி "ஹலோ சித்தப்பா" என்பாள். என் குரல்தான். ஆனால் கொஞ்சம் மெலிந்து, நெடுந்தூரம் நடந்து களைத்தவளின் குரலாக இருக்கும். எனக்கு அவளைப் பிடிக்காது. கடல் தாண்டி வருகிற பேச்சு வானத்தில் ஏறி இறங்கி வருகிறது, எக்கோ இல்லாமல் வராது என்று அப்பா விளக்கினார். அதையும் தாளில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

இவை தவிர எங்கள் வட்டாரத்துக்கென்றே ஒரு சத்தம் இருந்தது. ஆற்றோரம் என் வகுப்புத் தோழியின் வீடு. அவள் அப்பா பசு மாடுகள் வளர்த்தார். நியூசிலாந்தில் இருந்த மைத்துனர் அவருக்கு மின்வேலிப் பெட்டி ஒன்று அனுப்பியிருந்தார். கார் பேட்டரியில் ஓடும். ஒரு நொடிக்கு ஒருமுறை கம்பியில் மின்சாரத்தைத் தட்டிவிடும். மாடு ஒரு தடவை தொட்டால் பிறகு கிட்டே போகாது. வேலி போகிற வழியிலேயே டெலிபோன் கம்பியும் போனதால் அந்த வீட்டிலிருந்து யார் பேசினாலும் பின்னால் அது கேட்டுக்கொண்டே இருக்கும். டிக். டிக். டிக். புலிலேகாவில் வேறு யாரிடமும் அப்படி ஒரு பெட்டி இல்லை. தோழியும் நானும் போனில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது ஒரு டிக்குக்கு ஒரு எண் என்று சொல்லிக்கொண்டே போவோம்.

அப்பாவும் அவர் கூட்டாளி ஸாமுவும் அந்த டிக்கை ஒழிக்கப் பல முறை முயன்றார்கள். கம்பத்தைத் தள்ளி நட்டார்கள், பூமிக்கம்பியை மாற்றினார்கள். அது போகவே இல்லை. ஸாமு பூர்வீக ஃபிஜிக்காரர், ஆறடிக்கு மேல் உயரம், எங்களைப் போலவே ஹிந்தி பேசுவார். மிகவும் குறைவாகப் பேசுவார். எங்கள் வீட்டில் மதியம் ரொட்டியும் பருப்பும் சாப்பிட வந்தால் அம்மா மறுபடி வைக்க வேண்டுமா இல்லையா என்பதைத் தட்டை நகர்த்தித்தான் தெரிவிப்பார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அதனாலேயே அவரிடம் எதையும் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒருநாள் வேனின் பின்பக்கத்தில் உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன், நான் வளர்ந்ததும் லைன்மேன் ஆகப்போகிறேன், பெல்ட் போட்டுக் கம்பம் ஏறப்போகிறேன் என்று. யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டேன். அவர் யோசித்துவிட்டு, தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி என் இடுப்பில் சுற்றிப் பார்த்தார். இரண்டு சுற்று வந்தது. "இன்னும் கொஞ்சம் சாப்பிடு, பேட்டி" என்றார், மகளே என்பதை ஹிந்தியில். அவ்வளவுதான்.

எண்பத்தேழில், இந்தியர்கள் அதிகம் இருந்த அரசைக் கவிழ்த்து, ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. எங்கள் தீவில் குண்டு எதுவும் வெடிக்கவில்லை. நான் கண்டதெல்லாம் சிறிய மாற்றங்கள். பள்ளிக்கூடம் சில வாரம் மூடியிருந்தது. வானொலியில் செய்தி வர வேண்டிய நேரத்தில் பாட்டு வந்தது. வெட்ட வேண்டிய பருவத்தில் கரும்பு நின்றுகொண்டே இருந்தது. அறுவடை நாளில் ஓயாமல் ஊதும் மில் சங்கு ஊதவில்லை. காய்ந்த சோகை காற்றில் உரசுகிற சத்தம் நாள் முழுவதும் வீட்டுக்குள் கேட்டது. போனில் கேட்கும் ஹிஸ் வெளியே வந்து ஊர்மேல் படுத்துக்கொண்டது போல இருந்தது.

பிறகு வீடுகள் காலியாயின. ஒரு வாரம் துணி காய்ந்த கொடியில் மறுவாரம் ஒன்றும் இருக்காது. யாரும் போவதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. தோழியின் குடும்பம் கனடா போனதுகூட அவர்கள் போன மூன்றாம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. மாடுகளையும் மேய்ச்சல் நிலத்தையும் பக்கத்துத் தோட்டக்காரர் எடுத்துக்கொண்டார். வீடு பூட்டிக் கிடந்தது. போனவர்களின் லைனைத் துண்டிப்பது அப்பாவின் வேலை. தோழியின் வீட்டு எண்ணுக்கு எதிரே அவர் தன் நோட்டில் துண்டித்ததாக எழுதியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

மாமாவும் அந்த நாட்களில்தான் போனார். அத்தை அப்பாவின் தங்கை. அவள் புருஷன், எங்கள் மாமா, கரும்பு வெட்டும் குழுவுக்குத் தலைவர், சர்தார் என்பார்கள். கோயில் மைதானத்தில் கூடிய கூட்டத்தில், இந்த ஆட்சிக்கு ஒரு கட்டுக் கரும்புகூட வெட்டித் தர மாட்டோம் என்று எழுந்து பேசியிருந்தார். அதே கூட்டத்தில் பேசிய வேறு இரண்டு பேரை ராணுவ லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஒருவர் திரும்பி வந்தார், ஆனால் உட்கார முடியாமல் நின்றுகொண்டே பேசினார். அதற்கு மறுநாள் அத்தை ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமா சிட்னிக்குப் போய்விட்டார், அங்கே அவர் தம்பி இருக்கிறார், நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார் என்று அப்பா சொன்னார். என்னிடம் ஒருமுறை சொன்னார். அக்கம்பக்கத்தில் பல முறை சொன்னார். எப்போதும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாத மனிதர் கடை வாசலில் நின்று இதை உரக்கச் சொன்னது எனக்கு விசித்திரமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு சிட்னியிலிருந்து போன் வரும் என்று ஏற்பாடு. முதல் ஞாயிறு பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் வந்து பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவே அவர்களை அழைத்திருந்தார். மணி அடித்தது. வழக்கம்போல நான் எடுத்தேன். மூன்று எண்ணினேன்.

ஹிஸ் இருந்தது. அதன் பின்னால், ஒரே சீராக, டிக். டிக். டிக்.

"ஹலோ" என்றேன். ஒன்று எண்ணிக் காத்திருந்தேன். களைத்த அந்தச் சிறுமி வரவில்லை.

"பாப்பா, நான் மாமா. அத்தைகிட்ட குடு" என்று மாமாவின் குரல் ஹிந்தியில் சொன்னது.

கொடுத்துவிட்டேன். அத்தை தமிழில் பேசினாள். எங்கள் வீட்டில் பிள்ளைகளுடன் ஹிந்திதான். தமிழ் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதற்கு. எனக்குப் பாதிக்கு மேல் புரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. "இன்னாங்க, சாப்ட்டீங்களா? அங்க குளுரா? போர்வ பத்துதா?" என்று கேட்டுக்கொண்டே அவள் கண்ணைத் துடைத்தாள். பாயில் இருந்த பெண்களில் ஒருத்தி தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சிட்னி எவ்வளவு பக்கத்துல பேசற மாதிரி இருக்கு" என்றாள்.

அன்று காலண்டர் தாளில் எழுதினேன்: ஹிஸ். வேலி. எக்கோ இல்லை. அப்பாவிடம் காட்டினேன். வேலி மாதிரிச் சத்தம் எங்கே வேண்டுமானாலும் வரும், சிட்னியிலும் மாடு உண்டு என்றார். பிறகு அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்கு முன் எந்தத் தாளையும் அவர் எடுத்துப்போனதில்லை. இனிமேல் எழுத வேண்டாம், போனையும் அத்தையே எடுக்கட்டும் என்றும் சொன்னார்.

சிட்னியில் மாடு இருக்கலாம். ஆனால் எக்கோ? அப்பா தந்த விதிகளை வைத்தே நான் கணக்குப் போட்டேன். கடல் தாண்டிய பேச்சு எக்கோ இல்லாமல் வராது. ஆகவே பேசுகிறவர் கடலுக்கு அப்பால் இல்லை. டிக் கேட்கிறது. ஆகவே பேசுவது தோழியின் வீட்டிலிருந்து. ஆனால் அந்த வீட்டில் யாரும் இல்லை, அதன் கம்பியை அப்பாவே துண்டித்துவிட்டார். மாமாவோ சிட்னியில் இருக்கிறார், பெரியவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பெரியவர்களும் பொய் சொல்லவில்லை, காதும் பொய் சொல்லவில்லை என்றால் மிச்சம் ஒன்றுதான் இருந்தது. மாமா உயிரோடு இல்லை. அவர் குரல் மட்டும் அறுந்த கம்பிக்குள் தங்கிவிட்டது.

மறுநாள் மதியம் தோழியின் வீட்டுப் பக்கம் போய்ப் பார்த்தேன். சாலையிலிருந்தே பார்த்தேன், கிட்டே போகத் துணிவில்லை. கதவில் பூட்டு தொங்கியது. படிக்கட்டில் புல் முளைத்திருந்தது. ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தார்கள். மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் வேலிப் பெட்டி வேலை செய்துகொண்டிருந்தது. மாடுகள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன. நிழல் அசையவில்லை, புகை வரவில்லை. யாரும் இல்லை என்று எழுதித் தரச் சொன்னால் எழுதித் தந்திருப்பேன்.

புதன்கிழமை அம்மாவும் அத்தையும் கடைக்குப் போயிருந்தபோது நான் அந்த எண்ணைச் சுழற்றினேன். மனப்பாடமாக இருந்த எண். துண்டித்த லைன் என்றால் ஒரு நீளமான ஊளைதான் கேட்க வேண்டும். மணி போனது. ஒருமுறை, இருமுறை, மூன்று, நான்கு. ஐந்தாவது மணி பாதியில் நின்றது.

யாரோ எடுத்தார்கள். பேசவில்லை. நானும் பேசவில்லை. மூன்று எண்ணினேன், பழக்கம். டிக், டிக், டிக். அதற்கு நடுவே மூச்சு. மூக்கால் இழுத்து, அடக்கி, மெல்ல விடுகிற மூச்சு. அப்பா சொல்லித் தந்த எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தவில்லை. தோழியின் பெயரை மெதுவாகச் சொன்னேன். மூச்சு நின்றது. டிக் மட்டும் கேட்டது. ஏழு வரை எண்ணினேன். பிறகு மறுமுனையில் யாரோ, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற பதத்தில், போனை வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நான் அந்தக் கறுப்புப் போனின் பக்கம் போகவில்லை. சாப்பிடும்போதுகூட அதற்கு முதுகு காட்டி உட்கார மாட்டேன். அம்மா என்னவென்று கேட்டாள். சொல்லவில்லை. சொன்னால் அத்தைக்குத் தெரிந்துவிடும், அவள் ஞாயிறுதோறும் பேசுவது செத்துப்போனவரிடம் என்று. அந்த வயதில் நான் ஒரு விதவையைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தேன். வேறு சில மாறுதல்களையும் பார்த்தேன். அப்பாவின் இரண்டடுக்கு டிபன் கேரியர் நான்கடுக்கானது. அப்படியும் அவர் இளைத்துக்கொண்டே போனார். இதை அம்மாவிடம் சொன்னபோது அவள், "உன் கண்ணு இருக்கே, அதை ரெண்டு நாளைக்கு மூடி வச்சிக்கோ" என்றாள்.

ஸாமு இப்போது மதியம் வருவதில்லை. அவர் ராணுவத்தின் ரிசர்வ் படையில் பெயர் கொடுத்து வைத்தவர். கூப்பிட்டுவிட்டார்கள். பச்சை உடுப்பில், டெலிபோன் நிலையத்து வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பதை நகரத்துக்குப் போனபோது பஸ்ஸிலிருந்து பார்த்தேன். கையசைத்தேன். அவர் பார்த்தாரா தெரியாது.

நான்காவது ஞாயிறு மூன்றே முக்காலுக்கு ஒரு ஜீப் எங்கள் வாசலில் நின்றது. ஸாமு இறங்கினார். கூடவே இளவயது அதிகாரி ஒருவர், தலைநகரிலிருந்து வந்தவர், ஆங்கிலம் மட்டும் பேசினார். மிகவும் மரியாதையானவர். செருப்பு விடும் இடத்தில் தன் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். சிட்னியிலிருந்து வாராவாரம் போன் வருகிறதாமே, ஊரெல்லாம் சொல்கிறார்கள், நாங்களும் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தோம் என்றார். பாயில் இருந்த பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். அம்மா எலுமிச்சம்புல் டீ போட்டு ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். நான்கு கோப்பைகள். யாரும் தொடவில்லை. அப்பா சுவரோடு நின்றார். கம்பத்தின் உச்சியில் கையை விட்டுவிட்டு வேலை செய்கிறவர், அன்று இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் ஊன்றியிருந்தார்.

அந்த வட்டாரத்தில் டிக் சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் இடத்தைச் சொல்லக்கூடியவர்கள் மூன்றே பேர். அப்பா, ஸாமு, நான். மூவரும் அந்த அறையில் இருந்தோம்.

நான்கு அடித்தது. போனும் அடித்தது.

அதிகாரி அத்தையைப் பார்த்துத் தலையசைத்தார். அத்தை எடுத்தாள். அவள் குரல் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. "இன்னாங்க, சாப்ட்டீங்களா? அங்க குளுரா?" அதே கேள்விகள், அதே வரிசை. நான் மேஜை அருகே நின்றிருந்தேன். அத்தையின் காதுக்கும் போனுக்கும் இடையிலிருந்து, மிக மெலிதாக, எனக்கு அது கேட்டது.

அதிகாரி ஸாமுவிடம் திரும்பி, நீ இந்தத் தொழில்காரன்தானே, வெளிநாட்டு லைன்தானா என்று கேட்டுச் சொல் என்றார். ஸாமு போனை வாங்கிக் காதில் வைத்தார். அவர் கைக்குள் அது பொம்மை போல இருந்தது. கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். என்னை அறியாமல் என் விரல் மேஜைமேல் எண்ண ஆரம்பித்திருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஸாமுவின் கண் மேஜைக்கு வந்தது, என் விரலில் நின்றது, பிறகு சுவருக்குப் போனது. பதினொன்று எண்ணினேன்.

"ராம் ராம், பையா" என்றார் ஸாமு போனுக்குள், ஹிந்தியில். "உதர் டண்டா?" வணக்கம் அண்ணா, அங்கே குளிரா என்று அவரும் கேட்டார். பிறகு அதிகாரியிடம் ஆங்கிலத்தில், "வெளிநாட்டு லைன்தான் சார். என் குரலே எனக்குத் திரும்பி வருகிறது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஸாமுவுக்கு எக்கோ கேட்கிறதா? எனக்குக் கேட்கவில்லையே? தொழில் தெரிந்தவர் இப்படித் தப்பாகச் சொல்லலாமா? என் விரல் நிற்கவில்லை. அதிகாரி அதைக் கவனித்துவிட்டார். என்னருகே குனிந்து, சிரித்த முகத்தோடு, என்ன எண்ணிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டார்.

பள்ளியில் ஆங்கிலத்தில் நான் முதல் மாணவி. கேள்வி கேட்டால் முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று பழக்கியிருந்தார்கள். மேலும், மூன்று வாரமாக இதை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. "சார், நான் எண்ணுவது" என்று தொடங்கினேன்.

அப்போது ஸாமு சிரித்தார்.

அவரிடம் அப்படி ஒரு சத்தம் இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. தகரக் கூரை அதிர்ந்தது. "சார், சார், இவளைக் கேக்காதீங்க!" என்று தொடையில் அடித்துக்கொண்டார். "இந்தப் பொட்டைப் பிள்ளை லைன்மேன் ஆகப்போகுதாம்! பாவாடையைத் தூக்கிக் கட்டிக்கிட்டுக் கம்பம் ஏறப்போகுதாம்! என்கிட்ட வந்து பெல்ட் கேட்டுது சார், பெல்ட்!" சொல்லிக்கொண்டே திரும்பியவரின் முழங்கை டீத்தட்டில் பட்டது. நான்கு கோப்பைகளும் தரையில் உடைந்தன. போன் கையிலிருந்து நழுவி, கம்பியில் தொங்கி, சுவரில் மோதிச் சுழன்றது. அம்மா கத்தினாள். அத்தை துணி தேடி ஓடினாள். நான் ஏதோ சொன்னேன், அது எனக்கே கேட்கவில்லை. ஸாமு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் நீர் வரும்வரை. அதிகாரி முதலில் நனைந்த தன் காலுறையைப் பார்த்தார், பிறகு அவரும் சிரித்தார். ஏறு, ஏறு, நல்ல வேலைதான் என்று என் தலையைத் தட்டினார்.

நான் கொல்லைப்புறம் ஓடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்ட ஒன்றை, அந்நிய மனிதருக்கு முன்னால், இப்படி. ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. உள்ளே போனபோது போன் அதன் இடத்தில் இருந்தது. அப்பா தரையில் முழங்காலிட்டுக் கோப்பைச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் பொறுக்கி முடித்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அத்தை நான்கு மணிக்கு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வாள். அந்தக் குரலும் கரைந்துவிட்டது என்று நான் முடிவு செய்தேன். காரணம் ஸாமு என்றும் முடிவு செய்தேன். அவர் அந்தப் போனைச் சுவரில் மோதவிட்டாரே.

நான்கு வாரங்களுக்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை, காலையில், மணி அடித்தது. வீட்டில் வேறு யாரும் பக்கத்தில் இல்லை. எடுத்தேன். மூன்று எண்ணினேன். ஹிஸ் மட்டும். டிக் இல்லை. "ஹலோ" என்றேன். ஒன்று. நெடுந்தூரம் நடந்து களைத்த அந்தச் சிறுமி "ஹலோ" என்றாள். அவளுக்குப் பின்னாலேயே மாமா வந்தார். "பாப்பா, அத்தையக் கூப்புடு. வந்து சேந்துட்டேன்னு சொல்லு" என்றார்.

மாமா எப்படிப் போனார், யார் படகு, யார் வேன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எல்லாம் ஒரு வழியாகத் தெரிந்தபோது எனக்கு இருபதுக்கு மேல் ஆகியிருந்தது. அப்பா லைனைத் துண்டித்ததாக நோட்டில் மட்டும்தான் எழுதினார். மாமா பின்பக்கப் பலகை ஒன்றைக் கழற்றி உள்ளே போய், தோழியின் படுக்கை அறையில் ஐந்து வாரம் இருந்தார். அந்தப் புதன்கிழமை போனை எடுத்து என் குரலைக் கேட்டதும் நெஞ்சே நின்றுவிட்டது என்று சிட்னியில் ஒருமுறை சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் இது பின்னால் வந்த கதை. பத்து வயதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஸாமு என்னைக் கேலி செய்தார்.

இரண்டு வருடம் கழித்து நாங்களும் கிளம்பினோம். அத்தை முன்பே போய்விட்டாள். லம்பாசா விமான நிலையம் அப்போது ஒரு கொட்டகையும் ஒரு தராசும். பெட்டிகளை எடை போட்ட பிறகு மனிதர்களையும் எடை போட்டார்கள். வழியனுப்ப வந்தவர்கள் கம்பி வேலிக்கு வெளியே நின்றார்கள். அவர்களுக்கு நடுவே ஸாமு, பழைய காக்கிச் சட்டையில். ராணுவம் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தது. டெலிபோன் நிலையம் ஏனோ திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை என்று அம்மா சொல்லியிருந்தாள். இடுப்பில் பெல்ட் இல்லை.

அப்பா வேலிக்கு மேலே கையை நீட்டி அவர் தோளைப் பிடித்தார். பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டு, ஸாமுவைக் காட்டி, மாமாகிட்ட போயிட்டு வரேன்னு சொல்லு என்றார். அவரை நான் மாமா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை, அப்பாவும் அப்படிக் கூப்பிடச் சொன்னதில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஸாமு வேலியருகே குந்தி உட்கார்ந்தார். என் உயரத்துக்கு வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து ஒரு சத்தம் செய்தார். டிக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி, டிக். நொடிக்கு ஒன்று, பிசகாமல்.

இங்கே வந்தும் கேலியா என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு விமானத்தை நோக்கி நடந்தேன். அவர் நிறுத்தவில்லை. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் எண்ணினேன். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. அதன் பிறகு விமானத்தின் விசிறி சுழலத் தொடங்கியது. அவர் நிறுத்தினாரா, அல்லது தொடர்ந்தாரா என்று கேட்கவில்லை. நான் திரும்பிப் பார்க்கவும் இல்லை.